அழாமல் கேட்கப் பழகியவள்

பள்ளிச் சீருடை தைக்கும் அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் அவள் கட்டிங் அக்கா. வயதில் மூத்த தையற்காரிகளும் அவ்வாறே அழைத்தனர். நெடிய மேசையின்மேல் துணியை அடுக்கடுக்காக விரித்து, மாதிரி அட்டையை வைத்துச் சாக்பீஸால் கோடு கிழித்து, கட்டிங் மெஷினை அவள் ஓட்டினால் கோட்டுக்கு வெளியே ஓர் இழையும் போகாது. வெட்டிய துண்டுகளை இனம் பிரித்துக் கட்டுவாள். காலர்கள் ஒரு கட்டு, கைகள் ஒரு கட்டு, பைகள் ஒரு கட்டு. ஒவ்வொரு கட்டும் ஒவ்வொரு மேசைக்குப் போகும். காலர் தைப்பவள் கையைக் காண்பதில்லை. கை தைப்பவளுக்கு முதுகைப் பற்றிய கவலையில்லை.

அந்த வேலைமுறைக்கென்று ஒரு நுட்பம் உண்டு. காலர் சுருங்குகிறது என்று ஒரு மேசையும், கை இழுக்கிறது என்று வேறொரு மேசையும் அடுத்தடுத்துக் குறை சொன்னால், கட்டிங் அக்கா தைப்பவர்களைக் கடிந்துகொள்ள மாட்டாள். எழுந்துபோய்த் துணி ரோலைப் பிரித்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பாள்.

"மேசைக்கு மேசை தப்பு வருதுன்னா, தப்பு மேசையில இல்லடி. ரோல்ல இருக்கு" என்பாள். சொன்னபடியே இருக்கும்.

துணியில் இவ்வளவு கண்டவள் தன் வீட்டில் கண்டிலள். அதுதான் இன்றளவும் அவளை அறுத்துக்கொண்டிருக்கிறது.

தாயும் தகப்பனும் போனபிறகு, தன்னைவிட வெகுவாக இளைய தங்கையை அவளே வளர்த்தாள். அவளுடைய கணவன் பேருந்து ஓட்டுநர். பாதி நாள் வழியிலும் பாதி நாள் வீட்டிலுமாக இருப்பவன். மூவரும் ஒரு கடைக்கு மேலிருந்த இரண்டு அறைகளில் குடியிருந்தனர். தங்கை படிப்பை முடித்ததும் அதே தையற்கூடத்தில் காலர் மேசையில் அவளைச் சேர்த்துவிட்டாள் அக்கா. சேர்த்த அன்றே தனக்கு ஒரு கட்டுப்பாடும் விதித்துக்கொண்டாள்: தங்கை என்று சலுகை காட்டலாகாது.

சில மாதங்கள் நன்றாகக் கழிந்தன. பிறகு ஒருநாள் காலை, குழாயைத் திருக முடியவில்லை என்று தங்கை சொன்னாள். விரல் கணுக்கள் இறுகிக் கிடந்தன. பொழுது ஏற ஏறத்தான் இளகின. எலும்பு மருத்துவரிடம் போனார்கள். அவர் களிம்பு கொடுத்தார். அடுத்து வாய்க்குள் புண். பல் மருத்துவர் பற்பசையை மாற்றச் சொன்னார். முடி கொத்துக் கொத்தாகக் கழன்றது. தோல் மருத்துவர் எண்ணெய் எழுதித் தந்தார். இடையிடையே காய்ச்சல், காரணமில்லாத களைப்பு. தெருமுனை மருத்துவர் சத்து மாத்திரை தந்தார்.

"நம்ம வீட்டுல டாக்டருங்கதான் சொந்தக்காரங்க. ஒருத்தர் விட்டா ஒருத்தர் வீட்டுக்கு விருந்து போறோம்" என்று கணவன் சிரிப்பான்.

ஒவ்வொரு மருத்துவரும் தம் மேசைக்கு வந்த கட்டை மட்டும் பார்த்தார். நெற்றியிலிருந்து பாதம் வரை ஒருசேரப் பார்க்க வேண்டியவள் அக்கா ஒருத்திதான், அவளும் பாராதிருந்தாள்.

பாராததற்கு ஒரு காரணம் இருந்தது. தங்கை அடிக்கடி விடுப்பு எடுத்தது கூடத்தில் முணுமுணுப்பை எழுப்பியிருந்தது. பொத்தான் துளை போடும் காஜாக்காரி நாக்கில் முள் வைத்திருப்பவள். அவள் எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்:

"நமக்கெல்லாம் தலைவலி வந்தா மாத்திரை. அக்கா இருக்கிறவங்களுக்கு லீவு."

அந்தச் சொல் கட்டிங் அக்காவைச் சுட்டது. தன் நடுநிலையை நிலைநாட்ட அவள் தங்கையையே பலியாக்கினாள். அன்று மாலை, விரல்களை நீவிக்கொண்டிருந்த தங்கையைப் பார்த்துக் கூடமே கேட்கச் சொன்னாள்:

"என்ன, இன்னிக்கு எந்த உறுப்பு? நாளுக்கொரு நோவுன்னு உனக்குப் பேர் வெச்சிரலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். தங்கையும் சிரித்தாள். அன்றுமுதல் அந்தப் பெயரே அவளுக்கு நிலைத்தது. 'நாளுக்கொரு நோவு, இந்தக் கட்டை வாங்கிக்கோ' என்று அழைக்கும் அளவுக்குப் போயிற்று.

அதோடும் நிற்கவில்லை. கூடத்தின் மேற்குப் பக்கத்தில் ஓர் உயர்ந்த சன்னல். உச்சிப்பொழுது சாய்ந்தால் வெயில் அதன்வழி நேரே பாய்ந்து இறங்கும். அங்கிருந்த மெஷினில் உட்கார எவரும் விரும்புவதில்லை. முறைபோட்டு மாற்றி மாற்றி உட்காருவார்கள். கட்டிங் அக்கா அந்த முறையை எடுத்துவிட்டுத் தங்கையை அங்கே நிரந்தரமாக அமர்த்தினாள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் விழுந்ததென எண்ணிக்கொண்டாள். சலுகை காட்டுகிறாள் என்று இனி எவளும் வாய் திறக்க முடியாது. அத்துடன், வெயில் பட்டால் மூட்டு இளகும் என்பது அவளது உறுதியான நம்பிக்கை.

"நல்லா வெயில் ஏறட்டும். மூட்டெல்லாம் தானா விட்டுக் கொடுக்கும்" என்றாள்.

"சரிக்கா" என்றாள் தங்கை.

அந்தச் 'சரிக்கா'வைத்தான் பின்னாளில் அக்கா தன் நெஞ்சில் மீண்டும் மீண்டும் கேட்டாள். எதிர்த்து ஒரு சொல் சொல்லியிருந்தால், முகத்தையாவது சுளித்திருந்தால், பழியில் ஒரு பங்கை அவள்மேல் ஏற்றியிருக்கலாம். அதற்கும் இடமில்லாமல் போயிற்று.

சன்னலருகே அமர்ந்த சில வாரங்களில் தங்கையின் இரு கன்னங்களும் சிவந்தன. சிவப்பு மூக்கின் மேடு வழியே ஒன்றோடொன்று சேர்ந்து, சிறகு விரித்த பூச்சியொன்று முகத்தில் வந்து அமர்ந்தாற்போல் இருந்தது.

"கல்யாணப் பொண்ணு மாதிரி கன்னத்துல என்ன பூசியிருக்க?" என்றாள் காஜாக்காரி.

"நான் ஒண்ணும் பூசலக்கா."

வீட்டில் அக்கா அலமாரியைத் துழாவி, முகத்துக்குப் போடும் டப்பாக்களை எல்லாம் எடுத்துக் குப்பையில் போட்டாள். பிறகு ஒருநாள் வேலைக்குக் கிளம்பும்போது தன் செருப்பைக் காணவில்லை. கூடத்துக்கு வந்து பார்த்தால் அது தங்கையின் காலில் இருந்தது. அக்காவின் பாதம் பெரியது.

"உனக்குன்னு செருப்பு இல்லையா? எதுக்குடி என்னோடதை மாட்டிக்கிட்டு வந்த?"

"என்னோடது இறுக்குதுக்கா."

"செருப்பு எங்கயாவது சுருங்குமா? சாக்கு சொல்றதுக்கும் ஒரு அளவு வேணும்."

செருப்பு சுருங்கவில்லை, கால் வீங்கியிருந்தது. குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவள் குனியவில்லை.

அந்த வாரக் கடைசியில், காலர் கட்டை எடுக்க எழுந்த தங்கை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெஷின் மேலேயே சாய்ந்தாள். மூச்சை உள்ளிழுக்கும்போதெல்லாம் கத்தி குத்துவதாகச் சொன்னாள். அவளைத் தூக்கி வண்டியில் ஏற்றியவர்களில் காஜாக்காரியும் ஒருத்தி.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் மருத்துவர் கட்டிலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தார். அவசரமில்லாதவர். தலையில் தொடங்கிக் கேட்டுக்கொண்டே வந்தார். முடி கொட்டுகிறதா? கொட்டுகிறது. வாயில் புண்? இருந்தது. வெயிலில் போனால் கன்னம் எரிகிறதா? எரிகிறது. குளிர்ந்த நீரைத் தொட்டால் விரல் வெளுக்கிறதா? வெளுத்துப் பிறகு நீலமாகிறது. முழங்கால்? மணிக்கட்டு? மறதி? சிறுநீரில் நுரை?

"ஆமா டாக்டர். சோப்புத் தண்ணி மாதிரி" என்றாள் தங்கை.

சுவரோரம் நின்ற அக்கா, தனித்தனிக் கட்டுகளாகக் கண்டதையெல்லாம் அன்றுதான் ஒருசேரக் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் கைகள் தாமாகவே உயர்ந்தன. ரோலைப் பிரித்து வெளிச்சத்தில் பிடிக்கும்போது உயரும் அதே கைகள். பிடிக்க ஒன்றுமில்லாமல் அவை மீண்டும் தாழ்ந்தன.

சோதனைகள் முடிந்தபின் மருத்துவர் இருவரையும் அமர்த்தி விளக்கினார்.

"இதுக்குப் பேரு லூபஸ். நம்ம உடம்புல நோய்க்கிருமியை எதிர்க்கிறதுக்குன்னு ஒரு காவல் இருக்கு இல்லையா, அந்தக் காவலே ஆள் தெரியாம சொந்த வீட்டையே அடிக்கிறது. இன்னிக்கு மூட்டு, நாளைக்குத் தோல், இன்னொரு நாள் நுரையீரலைச் சுத்தி இருக்கிற உறை. அதனாலதான் ஒவ்வொரு இடமா வலிச்சிருக்கு. எல்லாம் ஒரே நோய்தான்."

"சிறுநீர்ல நுரை?" என்றாள் அக்கா.

"அது கிட்னி. ரத்தத்துல இருக்க வேண்டிய புரதம் வெளிய ஒழுகுது. கால் வீக்கமும் அதனாலதான். இப்பவே பிடிச்சா காப்பாத்தலாம்." மருத்துவர் தங்கையைப் பார்த்தார். "வேலை எங்க? வெயில்லயா?"

அக்கா சொன்னாள்:

"சன்னலோரம். நான்தான் உட்கார வெச்சேன்."

"வெயில் இந்த நோயை உண்டாக்கறதில்லம்மா. உள்ள இருந்ததைக் கிளறி விட்டிருக்கும், அவ்வளவுதான்."

சொன்னதில் முன்பாதி அக்காவின் செவியில் ஏறவில்லை. பின்பாதி நெஞ்சைவிட்டு இறங்கவேயில்லை.

மருத்துவர் கடைசியாகச் சொன்னதும் முக்கியமானது. கிட்னி கெடும்போது வலிக்காது. கால் வீக்கம், முகவீக்கம், நுரை என்று சிறு சிறு குறிகளாகத்தான் காட்டும். எந்த இடத்தில் எது தோன்றினாலும் அன்றைக்கே சொல்ல வேண்டும். "மறைக்காம சொல்றதுதான் இதுல பாதி வைத்தியம்" என்றார்.

மருந்து வேலை செய்தது. மாத்திரையால் தங்கையின் முகம் ஊதி உருண்டையாயிற்று. ஆனால் மூட்டு இளகியது, மூச்சு வலி ஓய்ந்தது. சிறுநீரில் ஒழுகிய புரதமும் குறைந்தது. மேற்குச் சன்னலுக்குத் தடித்த திரை வந்தது; அதைத் தைத்தவள் காஜாக்காரி. தங்கையின் மெஷின் உள்பக்கச் சுவருக்கு மாறிற்று. பழைய பட்டப்பெயரை எவரும் நாவில் எடுக்கவில்லை.

அக்காவோ முற்றிலும் வேறொருத்தியாகிவிட்டாள். உடம்பை இறைவன் உறையும் இடமென்று எண்ணி வளர்ந்தவள் அவள். அவ்விடத்தைத் தன் கையாலேயே வெயிலில் இட்டதாக எண்ணி மறுகினாள். தங்கைக்கு உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். அவள் தனக்கும் சேர்த்து உப்பை நிறுத்தினாள். வீட்டில் ஒரே உலைதானே.

"பிரேக் இல்லாத பஸ்ஸைக் கூட ஓட்டிருவேன். உப்பில்லாத சாப்பாட்டை ஓட்ட முடியல" என்றான் கணவன். அவள் சிரிக்கவில்லை.

தங்கை எதைச் சொன்னாலும் அக்காவின் கண் நிறைந்துவிடும். தலை வலிக்கிறது என்றால் அழுகை. தூக்கம் வரவில்லை என்றால் அழுகை. முழங்காலை நீவிவிட்டுக்கொண்டே, "பாவி நான், பாவி நான்" என்று முணுமுணுப்பாள். தங்கை அவள் கையைப் பிடித்து, "விடுக்கா, நீ என்ன பண்ணுவ, விடு" என்று தேற்றுவாள். தேற்றத் தேற்ற அழுகை கூடும்.

சிறிது சிறிதாகத் தங்கையின் நோவுகள் குறைந்தன. எப்போது கேட்டாலும், "ஒண்ணும் இல்லக்கா, நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். தன் முறையீடு மேலே கேட்டுவிட்டது என்று அக்கா கைகூப்பி நன்றி சொன்னாள்.

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது மருத்துவர் தாளைப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார்.

"புரதம் முன்னைவிட அதிகமா ஒழுகுது. கால் வீக்கம் எப்பலேருந்து?"

"கொஞ்ச நாளாவே இருக்கு டாக்டர்" என்றாள் தங்கை.

"நுரை?"

"அதுவும்தான்."

மருத்துவர் தாளை மடித்து வைத்தார். கிட்னியில் ஊசி செலுத்திச் சிறு துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும், மருந்தின் வலுவைக் கூட்ட வேண்டும் என்றார். இந்த முறை முழுதும் மீளும் என்று உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

வெளியே, நடைவழிப் பெஞ்சில் இருவரும் அமர்ந்தனர்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேடி" என்றாள் அக்கா. குரல் உடைந்தது.

"இதோ, ஆரம்பிச்சிட்ட."

"என்னத்தை?"

"இதுக்குத்தான் சொல்லல." தங்கை நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் வாழ்நாளில் அக்காவிடம் குரலுயர்த்திப் பேசியவளல்லள், அப்போதும் உயர்த்தவில்லை. "எனக்குக் கால் வீங்குதுன்னு நான் சொன்னா, நீ அழுவ. அப்புறம் நான் உன்னைத் தேத்தணும். நோவும் எனக்கு, ஆறுதல் சொல்ற வேலையும் எனக்கா? என்னால ரெண்டும் முடியலக்கா."

அக்கா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"முன்னாடி சொன்னா நீ நம்ப மாட்ட. இப்ப சொன்னா நீ அழற. எப்பதான் நான் உன்கிட்ட சொல்றது?"

ஒரு செவிலி தள்ளுநாற்காலியை ஓட்டிக்கொண்டு அவர்களைக் கடந்து போனாள்.

"என்னை மன்னிச்சிட்டேன்னு ஒரு தடவை சொல்லிடேன்" என்றாள் அக்கா. "அப்புறம் அழ மாட்டேன்."

"சொல்ல மாட்டேன்."

"ஏண்டி?"

"சொன்னா அதுக்கும் அழுவ." தங்கை எழுந்தாள். "மன்னிக்கலன்னே வெச்சுக்கோ. எந்திரி, ரத்தம் குடுக்கணும், வரிசை பெருசாயிடும்."

இதுவரை அக்கா செய்த தவற்றுக்கு அறியாமை என்று ஒரு பெயராவது இருந்தது. இந்த இரண்டாம் தவறு அவள் அன்பிலிருந்தே முளைத்தது. ஆதலால் முன்னதைவிட ஆழமாக இறங்கியது. சன்னலோரம் உட்காரவைத்து ஒரு முறை கெடுத்தேன், கண்ணீர்விட்டு மறுமுறை கெடுத்தேன் என்று கணவனிடம் சொன்னாள். அவன் சீருடையின் பொத்தானைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"ஒண்ணு சொல்லட்டுமா? ஓடுற பஸ்ல டயர் வெடிச்சா எனக்கும் ஈரக்குலை நடுங்கும். ஆனா நான் கத்தினா பின்னால மொத்தப் பஸ்ஸும் கத்தும். அதனால மூஞ்சியைக் கல்லு மாதிரி வெச்சுக்கிட்டு ஓரமா கொண்டுபோய் நிறுத்துவேன். எல்லாரும் இறங்கினப்புறம், டயருக்குப் பக்கத்துல உட்கார்ந்து நடுங்குவேன்."

"நீங்களா?"

"பின்ன? உனக்குத் தாலி கட்டினப்பவும் அப்படித்தான் மூஞ்சியை வெச்சிருந்தேன்."

வெகு நாளைக்குப் பின் அவள் உதட்டோரம் ஒரு நெளிவு தோன்றி மறைந்தது.

அப்படி இருக்கப் பழகுவது எளிதாயில்லை. துணி வெட்டும்போது, பாத்திரம் துலக்கும்போது, படியேறும்போதெல்லாம் அவள் தன் முகத்தை ஒரு நிலையில் வைத்துப் பார்த்தாள். இறைவனிடம் இப்போது அவள் மன்னிப்பைக் கேட்கவில்லை. கண் நிறையாதிருக்க வேண்டும் என்பது ஒன்றையே கேட்டாள். தங்கைக்குப் புதிய மருந்து தொடங்கியிருந்தது. கிட்னியில் ஒரு பகுதி தழும்பேறிவிட்டது, அது திரும்பாது என்று சோதனை சொன்னது. எஞ்சியதைக் காப்பதே இனிச் செய்யக்கூடியது. அதைக் கேட்ட அன்றும் அக்கா அழவில்லை. ஆனால் தங்கை இன்னும் எதையும் தானாகச் சொல்லவில்லை. கேட்டால் சொன்னாள், அதுவும் முகத்தை ஓரக்கண்ணால் அளந்துவிட்டு.

ஒரு விடுமுறை நாள் முற்பகல். அக்கா தரையில் அமர்ந்து தலையணை உறையின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். துணி அலசிவிட்டு உள்ளே வந்த தங்கை வாசற்படியிலேயே நின்றாள்.

"அக்கா."

"ம்."

"விரல் வெள்ளையாயிடுச்சு." கையை நீட்டினாள். நுனிகள் மெழுகுபோல் வெளுத்திருந்தன.

அக்கா உறையைக் கீழே வைத்து, அவ்விரல்களைத் தன் இரு உள்ளங்கைகளுக்குள் வாங்கிக்கொண்டாள்.

"எப்பலேருந்து?"

"இப்பதான். தண்ணியில கை வெச்சதும்."

"வேற எங்க என்ன இருக்கு?"

தங்கை நெஞ்சின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள். "நேத்துலேருந்து மூச்சு இழுத்தா இங்க குத்துது. லேசா."

"காலைக் காட்டு."

கணுக்காலுக்கு மேலே எலும்பின்மீது கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்; எடுத்தாள். குழி விழுந்து, அப்படியே நின்றது. மற்றக் காலிலும் அழுத்திப் பார்த்தாள். அதுவும் அவ்வாறே.

"நுரை?"

"இன்னிக்குக் காலையில இருந்துச்சு."

"சரி" என்றாள் அக்கா. "துணியை மாத்து. டாக்டர்கிட்ட போயிட்டு வந்துரலாம்."

தங்கை நகரவில்லை. குனிந்து அக்காவின் முகத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"அழலையா?"

"எனக்கு வேலை இருக்கு. நீ கிளம்பு."

தங்கை துணி மாற்றிக்கொண்டு வந்தாள். அன்று பேருந்து ஓட்டப் புறப்பட்டுக்கொண்டிருந்த கணவன், வழியில் இறக்கிவிடுவதாகச் சொல்லிக் கீழே வண்டியை எடுத்தான். மாடிப்படி குறுகலானது, இருவர் ஒருசேர இறங்க முடியாது. தங்கை முன்னே இறங்கினாள், கைப்பிடியைப் பற்றியபடி, ஒவ்வொரு படியிலும் ஊன்றி ஊன்றிப் பேசிக்கொண்டே. மணிக்கட்டு கூட ரெண்டு நாளா இறுக்கமா இருக்கு, காலையில மட்டும். நாக்குக்கு அடியில ஒரு புண்ணு, வலியில்ல. சொல்லணும்னு நெனச்சேன்.

"ம்" என்றாள் அக்கா பின்னாலிருந்து. "அப்புறம்?"

ஒரு படி பின்னால் இறங்கியதால் அவள் முகம் யார் கண்ணிலும் படவில்லை. மூக்கை உறிஞ்சும் ஓசை மட்டும் அந்தக் குறுகிய படிவழியில் ஒரு முறை கேட்டது. தங்கை திரும்பிப் பார்க்கவில்லை. தோளும் கொஞ்சம் வலிக்கிறது என்று சொல்லத் தொடங்கினாள்.